மலைப்பூண்டின் வேர்முனையில் குரோமோசோம் மட்டுமா பிரிகிறது?

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வடகவுஞ்சி பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்தையும் வாசத்தையும், மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பூண்டில் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அதை யாரும் விதை தூவி முளைக்க வைப்பதில்லை. பல்லை ஊன்றுகிறார்கள், அது பூண்டாகிறது, அறுவடையில் நல்ல பூண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, அதன் பல்லையே அடுத்த போகத்துக்கு ஊன்றுகிறார்கள். நடுவில் மகரந்தச் சேர்க்கையும் இல்லை, கருவுறுதலும் இல்லை. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் நிற்கும் ஒவ்வொரு பூண்டுச் செடியும் மைட்டாசிஸ் என்ற ஒரே வகைச் செல் பிரிதல் வழியாகத்தான் இத்தனை போகங்களைத் தாண்டி வந்திருக்கிறது.

அப்படித் தாண்டி வர வேண்டியது 16 குரோமோசோம்கள் மட்டுமல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும், பசுங்கணிகமும் அடங்கிய உறுப்பு வகையான பிளாஸ்டிடுக்கும் சொந்த டிஎன்ஏ இருக்கிறது. செல் இவற்றை வெறுமனே புதிதாக உருவாக்க முடியாது. இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் அடுத்த மைட்டோகாண்ட்ரியா வரும், இருக்கிற பிளாஸ்டிடிலிருந்துதான் அடுத்த பிளாஸ்டிட் வரும். புரதங்களைத் தயாரித்து அனுப்பும் சவ்வு உறுப்புகளான எண்டோபிளாச வலைப்பின்னலும் கோல்கை உறுப்பும் இரண்டு பக்கமும் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் இவற்றில் ஒன்று போகாமல் விட்டால், குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருந்தும் அந்தச் செல் பிழைப்பது கடினம். அப்படியானால் செல் பிரியும்போது இந்த நுண்ணுறுப்புகளுக்கு என்ன ஆகிறது? அதைவிட முக்கியமான கேள்வி: அவை சரியான உருவத்துக்கு மாறிவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் செல் பிரிகிறதா?

இந்தக் கேள்வி நம் பாடத்தில் வருவதே இல்லை. அதற்கு ஆய்வகத்தில் நாம் பார்க்கும் விதமும் ஒரு காரணம்.

மைட்டாசிஸைக் கண்ணால் பார்க்க நாம் எடுப்பது வெங்காயம் அல்லது பூண்டின் வேர்முனை. பல்லின் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன பாட்டிலின் வாயில் உட்கார வைத்தால், சில நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். மலைக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்ததும் காலையில் நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போடுகிறோம். அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, ஸ்லைடில் எடுத்து, கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி ஒதுக்கிவிட்டு, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விடுகிறோம். கவர் ஸ்லிப் மேல் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டி, பிளாட்டிங் பேப்பரை மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் திசு ஒற்றை அடுக்காகப் பரவும். விரல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டுவிடும்.

நன்றாக அமைந்த ஸ்லைடில் கட்டம் கட்டமான செல்களுக்குள் சிவந்த குரோமோசோம்கள் பளிச்சென்று தெரியும். சில செல்களில் நடுக்கோட்டில் திரண்டிருக்கும்; சிலவற்றில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விலகிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுற்றி ஒன்றுமே இல்லாத வெளிறிய வெளி. அந்த வெளி உண்மையில் காலி இல்லை. நாம் ஊற்றிய அசிட்டிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவையும் மற்ற சவ்வு உறுப்புகளையும் சிதைத்துவிட்டது. மிச்சம் இருப்பவற்றிலும் கார்மைன் ஏறுவதில்லை. ரெக்கார்டு நோட்டில் அந்த வெளியை வெறுமையாக விட்டே வரைகிறோம், அதைப் பார்த்தே தேர்வும் எழுதுகிறோம். செல் பிரிதல் என்றால் குரோமோசோம் பிரிதல் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

வால்டர் ஃபிளெம்மிங் 1882-ல் மைட்டாசிஸை விரிவாக எழுதி வெளியிட்ட காலத்திலிருந்தே கவனம் குரோமோசோம் மேல்தான். அது நியாயமும்கூட, அந்தக் காலச் சாயங்கள் காட்டியது அதைத்தான். 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரிதலை இயக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. சைக்ளின் என்ற புரதம் குறிப்பிட்ட நேரத்தில் சேர்ந்து, சிடிகே என்ற கைனேஸைச் செயல்பட வைக்கிறது. அந்தக் கைனேஸ் நூற்றுக்கணக்கான புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்ட வைத்துச் செல்லைப் பிரிதலுக்குள் தள்ளுகிறது. இதற்காக லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹண்ட் மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சித்திரத்தில் நுண்ணுறுப்புகளுக்கு உத்தரவை வாங்கிக்கொள்ளும் வேலை மட்டும்தான். சிடிகே சொன்னால் நியூக்ளியஸின் சவ்வு கலையும், கோல்கை சிதறும். அவை திரும்ப சிடிகேவுக்குச் சேதி எதுவும் சொல்வதாக யாரும் நினைக்கவில்லை.

கடந்த 25 ஆண்டு ஆராய்ச்சி மாற்றியது இந்த எண்ணத்தைத்தான். சேதி இரண்டு பக்கமும் போகிறது.

கோல்கை அவிழ்ந்தால்தான் கதவு திறக்கும்

இதற்கு மிகத் தெளிவான சான்று விலங்குச் செல்லின் கோல்கையில் கிடைத்தது. மனிதச் செல்லில் கோல்கை நியூக்ளியஸுக்குப் பக்கத்தில், நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோமை ஒட்டி இருக்கும். தட்டையான சவ்வுப் பைகள் அடுக்கடுக்காக இருக்க, அந்த அடுக்குகள் பக்கவாட்டில் சிறு குழாய்களால் இணைந்து ஒரே நீண்ட நாடாவாகக் கிடக்கும். செல் பிரியும் முன்பு, அதாவது டிஎன்ஏ இரட்டித்து முடிந்த ஜி2 கட்டத்தில், முதலில் அந்த இணைப்புக் குழாய்கள் அறுந்து நாடா தனித்தனி அடுக்குகளாகிறது. மைட்டாசிஸ் தொடங்கிய பிறகு, சிடிகே வகையில் ஒன்றான சிடிகே1 கைக்கு வேலை போகிறது; அடுக்குகளும் உடைந்து சின்னச் சின்னக் குமிழிகளாகிச் செல் முழுக்கப் பரவுகின்றன. பிரிதல் முடிந்ததும் இரண்டு மகள் செல்லிலும் குமிழிகள் சேர்ந்து மீண்டும் நாடாவாகின்றன.

இரண்டு பக்கமும் சமமாகப் போய்ச் சேர இது நல்ல வழி என்பது பார்த்தவுடனே புரியும். ஆனால் செல் உயிரியலாளர் விவேக் மல்ஹோத்ராவின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் ஒரு படி மேலே போனது. கோல்கை அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று கிராஸ்ப்65. அதன் வேலையைத் தடுத்து, நாடா அறுபடாமல் செய்தார்கள். டிஎன்ஏவுக்கு எந்தச் சேதமும் இல்லை, குரோமோசோமில் கை வைக்கவே இல்லை. ஆனாலும் செல்கள் மைட்டாசிஸுக்குள் நுழையவில்லை, ஜி2-விலேயே நின்றுவிட்டன.

இந்த இடத்தில் ஒரு நல்ல சந்தேகம் எழ வேண்டும். கிராஸ்ப்65-க்கு நமக்குத் தெரியாத வேறு வேலை ஏதாவது இருந்து, அது கெட்டதால்தான் செல் நின்றுபோனதோ? இதற்கு அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வேறொரு மருந்தால் கோல்கையைச் சிதறடித்துவிட்டு, அதற்குப் பிறகு அதே தடையைப் போட்டார்கள். இந்த முறை செல்கள் நிற்கவில்லை, பிரிதலுக்குள் போயின. அதே புரதம், அதே தடை. மாறியது கோல்கையின் உருவம் ஒன்றுதான். செல் பார்ப்பது நாடா அறுந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

செல் அதை எப்படி அறிகிறது என்பதும் பிறகு கொஞ்சம் துலங்கியது. கோல்கையும் சென்ட்ரோசோமும் அருகருகே இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? நாடா அறுந்தால்தான் ஆரோரா-ஏ என்ற கைனேஸ் சென்ட்ரோசோமில் போதுமான அளவு வந்து சேர்கிறது. அது அங்கே சேர்ந்தால்தான் சிடிகே1 முழு வேகம் பிடிக்கும். நாடா அறுபடாவிட்டால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே நின்றுவிடும். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிதலை நிறுத்தி வைக்கும் சோதனை முறைகளைப் பற்றி எல்லாப் புத்தகங்களும் பேசுகின்றன. இதையும் அதே வரிசையில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பூண்டில் ஏன் அப்படி இல்லை

சரி, மலைப்பூண்டின் வேர்முனையிலும் இதேதானா? இல்லை. தாவரச் செல்லில் கோல்கை ஒரே நாடாவாக இருப்பதே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே தனித்தனி அடுக்குகளாகச் செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பல செல்களில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். விலங்குச் செல்லில் அவை நுண்குழல்களைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் திரண்டிருக்கும்; தாவரத்தில் ஆக்டின் என்ற புரத இழைகள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அறுக்க வேண்டிய நாடா இல்லாததால் அந்தச் சோதனைக்கும் அவசியம் இல்லை.

இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரியது. மைட்டாசிஸ் நடக்கும்போது தாவரக் கோல்கை உடையாது, வேலையையும் நிறுத்தாது. நிறுத்தவும் முடியாது. விலங்குச் செல் நடுவில் இறுகி இரண்டாகிவிடும். பூண்டுச் செல்லோ நாலாபுறமும் கெட்டியான சுவருக்குள் இருக்கிறது, இறுக வழியில்லை. உள்ளே நடுவில் புதிதாக ஒரு சுவர் எழுப்ப வேண்டும். அதற்கான சரக்கு கோல்கையிலிருந்துதான் வர வேண்டும். குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகியதும் நடுவில் நுண்குழல்கள் ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற அமைப்பாக அணிவகுக்கின்றன. கோல்கை அனுப்பும் குமிழிகள் அந்தக் குழல்கள் வழியாக நடுக்கோட்டுக்கு வந்து ஒன்றோடொன்று இணைந்து, குழாய் வலையாகி, அதற்குள் முதலில் கேலோஸ் என்ற சர்க்கரைப் பொருள் நிரம்பி, அந்த வலை தட்டையாகிச் செல் தட்டு ஆகிறது. அது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வளர்ந்து பழைய சுவரைத் தொட்டு ஒட்டியதும் வேலை முடிகிறது. கேலோஸுக்குப் பதிலாகப் பிறகு செல்லுலோஸ் வருகிறது.

இந்தக் கட்டத்தில் மட்டும் குறுக்கிடும் ஒரு பொருள் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் மரமாகவே நிற்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் காபி விளைகிறது. காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் இருக்கிறது. காபிக் கொட்டையில் உள்ள காஃபீனை வெங்காய வேர்முனைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஸ்பெயினில் 1960-களிலேயே விரிவாகப் பார்த்துவிட்டார்கள். குரோமோசோம் ஒழுங்காகப் பிரிகிறது, இரண்டு நியூக்ளியஸ்களும் அமைகின்றன, குமிழிகளும் நடுவில் சேரத் தொடங்குகின்றன. ஆனால் அந்தச் சவ்வு வலை உறுதிப்படாமல் கலைந்து போகிறது, சுவர் எழும்பவில்லை. விளைவு, ஒரே செல்லுக்குள் இரண்டு நியூக்ளியஸ்கள். குரோமோசோம் கணக்கு சரியாக இருந்தும் செல் பிரியவில்லை. நுண்ணுறுப்பின் பங்கைக் குரோமோசோமின் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

காபிச் செடிக்கே இந்தத் தொல்லை உண்டு என்பது இன்னொரு ஆச்சரியம். முளைக்கும் காபி விதையைச் சுற்றிக் காஃபீன் நிறைந்திருக்கிறது. வேர்முனை கொட்டையை விட்டு நீண்டு சற்று விலகிய பிறகே அங்கே செல் பிரிதல் சூடு பிடிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பூண்டுச் செல் சுவரை எங்கே எழுப்ப வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது? 1966-ல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் இருவரும் கோதுமை நாற்றின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். மைட்டாசிஸ் தொடங்கும் முன்பே, செல் சவ்வின் உள்பக்கத்தை ஒட்டி நுண்குழல்கள் ஒரு பட்டையாகச் சுற்றி வந்து நிற்கின்றன. நியூக்ளியஸ் சவ்வு கலையும் நேரத்தில் அந்தப் பட்டை மறைந்துவிடுகிறது. அப்புறம் குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல் அமைப்பான கதிர்கோல் உருவாகி, குரோமோசோம்கள் பிரிந்து, செல் தட்டு வளர்ந்து கடைசியில் பழைய சுவரில் போய் ஒட்டும் இடம், அந்தப் பட்டை இருந்த அதே இடம். கொத்தனார் செங்கல் வைக்கும் முன் நூல் கட்டிப் பார்த்துவிட்டு, வேலை ஆரம்பித்ததும் நூலை அவிழ்த்துவிடுகிற மாதிரி. நூல் போன பிறகும் அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கச் சில புரதங்கள் அங்கேயே தங்குகின்றன.

தாவரத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. விலங்குச் செல் பிறந்த பின் நகர்ந்து தன் இடத்துக்குப் போகலாம். பூண்டின் செல் பிறந்த இடத்திலேயே சுவரோடு ஒட்டிக் கிடக்கும். சுவர் குறுக்கே விழுந்தால் வேர் நீளும், நெடுக்கே விழுந்தால் பருக்கும். எந்த உறுப்பு எந்த வடிவில் வளரும் என்பதை இந்த ஒரு பட்டை பெருமளவு முடிவு செய்கிறது. ஆனால் இதையும் மிகைப்படுத்தக் கூடாது. 2017-ல், ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இந்தப் பட்டை உருவாகாத வகைகளை ஆராய்ந்தபோது, சுவர் விழும் திசை துல்லியம் இழந்ததே தவிர முற்றாகத் தாறுமாறாகிவிடவில்லை. செல்லின் உருவமே ஓரளவுக்கு வழி சொல்லிவிடுகிறது. பட்டை அதைக் கூர்மையாக்குகிறது.

நுண்குழல்கள் இல்லாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். அதற்கான பொருளும் இந்த மலையின் அடிவாரத்தில்தான் விளைகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலும் கிழங்கிலும் கால்சிசின் இருக்கிறது. கால்சிசின் டியூபுலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, நுண்குழல் கட்டப்படாமல் செய்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்துச் சுருங்கித் தயாராக நிற்கும், இழுத்துச் செல்லக் கதிர்கோல் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவை அனைத்தும் ஒரே நியூக்ளியஸாகி, பூண்டுச் செல்லில் 16-க்குப் பதில் 32 இருக்கும். 1937-ல் பிளேக்ஸ்லீ, ஆவரி இருவரும் இந்த வழியில் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் காட்டிய பிறகு, பயிர் ஆராய்ச்சியில் கால்சிசின் நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

கண்வலிக்கிழங்கைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டவர்களுக்கு முதலில் குடல் பாதிக்கப்படுகிறது, பிறகு எலும்பு மஜ்ஜை, சில நாள் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு முடி கொட்டுகிறது. உடலில் வேகமாகச் செல் பிரியும் இடங்கள் இவைதான். அந்தச் செடி இருக்கும் தோட்டத்தில் குழந்தைகள் விளையாடினால் கட்டாயம் கவனம் வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா இரண்டு முறை உருமாறுகிறது

படங்களில் மைட்டோகாண்ட்ரியாவை நீள்வட்டமாக ஒன்றிரண்டு வரைந்து விடுவார்கள். உயிருள்ள செல்லில் அவை ஓயாமல் இணைந்தும் பிரிந்தும் கொண்டிருக்கும். எவ்வளவு இணைகின்றன, எவ்வளவு பிரிகின்றன என்ற அளவு செல் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது.

2009-ல் அமெரிக்காவில் கஸ்தூரி மித்ரா, ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழுவினர் எலிச் சிறுநீரகச் செல்களில் இதைக் கட்டம் கட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். டிஎன்ஏ இரட்டிப்புத் தொடங்கப் போகும் எல்லையில் சிதறிக் கிடந்த மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரே பெரிய வலையாகின்றன. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தியும் அப்போது கூடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை வெட்டும் புரதமான டிஆர்பி1-ஐத் தடுத்து, அந்த இணைந்த நிலையைச் செயற்கையாக உருவாக்கிப் பார்த்தார்கள். டிஎன்ஏ இரட்டிப்பைத் தொடங்க வைக்கும் சைக்ளின்-ஈ சேர்ந்துவிட்டது, பிரிதலை நிறுத்தி ஓய்வில் இருந்த செல்கள்கூட டிஎன்ஏ இரட்டிப்பைத் தொடங்கின. மறுபக்கம், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைக் குலைத்தபோது செல்கள் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கோல்கையில் பார்த்த அதே தர்க்கம் இங்கேயும் வருகிறது: உருவத்தை மாற்றினால் பிரிதலின் போக்கு மாறுகிறது.

மைட்டாசிஸ் வந்ததும் நிலைமை தலைகீழ். சிடிகே1 இப்போது டிஆர்பி1-ல் பாஸ்பேட்டை ஒட்ட வைத்து அதன் வேகத்தைக் கூட்டுகிறது. வலை துண்டு துண்டாகிறது, இரண்டு பக்கமும் பகிர்ந்து போக வசதியாகிறது. ஒரே சுழற்சியில் ஒருமுறை முழுதாக இணைந்து, இன்னொரு முறை முழுதாகத் துண்டாகிறது.

தாவரத்தில் அழகான ஒரு மாறுபாடு உண்டு. அரபிடாப்சிஸின் தண்டு நுனியில் உள்ள ஆக்குத்திசுச் செல்களை முப்பரிமாணத்தில் பார்த்தபோது, பெரும்பாலான மைட்டோகாண்ட்ரியா இணைந்து நியூக்ளியஸைச் சூழ்ந்த ஒரே பெரிய கிளைத்த உறுப்பாக இருப்பது தெரிந்தது. பிரிதல் நெருங்க நெருங்க அது நியூக்ளியஸை முழுக்கச் சுற்றிக்கொண்டு, மைட்டாசிஸின்போது கதிர்கோலையும் சூழ்ந்து நிற்கிறது. அப்புறம் இரண்டாகப் பிரிந்து இரண்டு மகள் செல்லுக்கும் போகிறது. ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவிலும் முழு டிஎன்ஏ இருக்காது என்பதால், பகிர்வதற்கு முன் எல்லாம் ஒன்றாகக் கலந்துகொள்வது அவசியமாகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். விதையே இல்லாமல் பல்லால் மட்டும் பெருகும் பூண்டு போன்ற பயிருக்கு இப்படி ஒரு ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பூண்டிலும் இதே அமைப்புதான் என்று அரபிடாப்சிஸை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டில் தாவரவியல் படித்த யாருக்கும் கொடைக்கானல் கல்விச் சுற்றுலா மறந்திருக்காது. ஈரம் கசியும் சாலையோர மண்திட்டுகளில் பாலித்தீன் பையோடு நின்று பாசி சேகரித்திருப்பார்கள். பழனி மலையின் பாசிகளைப் பல்லாண்டு திரட்டி வகைப்படுத்தியவர் செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ. அப்படிச் சேகரிக்கும்போது மண்ணோடு ஒட்டிய கரும்பச்சைத் தட்டின் மேல் மெல்லிய பச்சைக் குச்சிகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அது ஆந்தோசெரோஸ், பாசிகளுக்கு உறவான ஒரு செடி. இயற்பியல் தராசில் வைக்கிற அளவுகூட எடை வராத அந்தத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் பாடப்புத்தகம் சொல்லும் ஒரு விஷயம் தெரியும்: ஒவ்வொரு செல்லிலும் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம்.

ஒன்றே ஒன்று என்றால், பிரியும்போது அது தவறிவிடக் கூடாது. ராய் பிரவுன், பெட்டி லெம்மன் இருவரும் 1980-களிலிருந்து இந்த வகைச் செடிகளை ஆராய்ந்தபோது தெரிந்த தீர்வு இது. நியூக்ளியஸ் பிரிவதற்கு முன்பே பசுங்கணிகம் இரண்டாகிவிடுகிறது. இரண்டு பாதிகளும் நியூக்ளியஸின் இரு முனைகளுக்கும் போய் நிற்கின்றன. நுண்குழல்கள் அந்தப் பசுங்கணிகங்களிலிருந்தே கிளம்புகின்றன. விலங்குச் செல்லில் சென்ட்ரோசோம் செய்யும் வேலையை இங்கே பசுங்கணிகம் செய்கிறது. கதிர்கோலின் இரு முனைகளும் அவற்றின் அருகேதான் அமையும். ஆகவே குரோமோசோம் எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு பசுங்கணிகம் ஏற்கெனவே காத்திருக்கும். பிரிதலின் அச்சையே இந்த நுண்ணுறுப்பு தீர்மானிக்கிறது.

பசுங்கணிகம் பிரியாமல் போனால் செல் நிற்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு சிவப்புப் பாசியில், அதாவது நீரில் வாழும் ஆல்காவில், கிடைத்தது. வெந்நீர் ஊற்றுகளின் அமில நீரில் வாழும் சயனிடியோஸ்கைசான் என்ற ஒற்றைச் செல் பாசிக்கு ஒரு நியூக்ளியஸ், ஒரு மைட்டோகாண்ட்ரியா, ஒரு பசுங்கணிகம் மட்டுமே உண்டு. ஜப்பானில் மியாகிஷிமாவின் குழு 2016-ல் பசுங்கணிகம் பிரிவதைத் தடுத்துப் பார்த்தது. செல் மைட்டாசிஸின் முதல் கட்டமான புரோஃபேஸிலேயே நின்றுவிட்டது. மேற்கொண்டு போகத் தேவையான சைக்ளின் சேரவில்லை. பசுங்கணிகம் பிரியத் தொடங்கிவிட்டதா என்று பார்த்த பின்பே அந்தப் பாசி மைட்டாசிஸுக்குள் ஆழமாகப் போகிறது. நூற்றுக்கணக்கில் கோல்கை அடுக்குகளும் ஏராளமான பிளாஸ்டிடுகளும் உள்ள பூண்டுச் செல்லுக்கு இவ்வளவு கறாரான சோதனை தேவைப்படாது. ஏறத்தாழப் பகிர்ந்தாலும் இரண்டு பக்கமும் போதுமானது கிடைத்துவிடும். எந்த உறுப்பு எண்ணிக்கையில் குறைவோ, அல்லது விலங்குக் கோல்கை போல ஒற்றைத் துண்டாக இருக்கிறதோ, அதற்குத்தான் செல் காவல் வைக்கிறது. இத்தனை ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தென்படும் பொதுவான ஒழுங்கு இதுதான்.

ஈஸ்ட்டும் இதற்கு ஒத்து வருகிறது. மொட்டு விட்டுப் பெருகும் ஈஸ்ட்டில் தாயின் வேக்குவோல் என்ற சவ்வுப் பையிலிருந்து ஒரு பகுதி மகளுக்குப் போகும். போகாவிட்டால் மகள் செல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும், ஆனால் அதுவரை டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே காத்திருக்கும். வேக்குவோல் சரியாக அமைந்த பிறகே அடுத்த சுழற்சிக்குள் போகிறது என்பதை 2015-ல் லோயிஸ் வைஸ்மனின் ஆய்வகம் காட்டியது. அதே ஈஸ்ட்டில் நியூக்ளியஸுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் இன்னொரு விதமாகக் காவல் காக்கிறது. மைட்டாசிஸை முடித்து வைக்கும் சிடிசி14 என்ற என்சைமை அது தனக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். குரோமோசோம்கள் பிரியத் தொடங்கும் கட்டத்தில்தான் அதை விடுவிக்கும்.

நுண்ணுறுப்பு உருமாறுகிறது என்பதாலேயே அது பிரிதலைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லிவிடக் கூடாது. நியூக்ளியஸ் சவ்வின் உள்பக்கம் தாங்கும் லாமின் புரதங்களில் சிடிகே1 பாஸ்பேட் ஒட்ட வைப்பதால் விலங்குச் செல்லில் அந்தச் சவ்வு கலைகிறது. இங்கே உத்தரவு ஒரு திசையில்தான் போகிறது. புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் கோல்கை சிதறியும் மைட்டோகாண்ட்ரியா துண்டாகியும் காணப்படுகின்றன என்ற செய்தியைப் படிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது காரணமா, விளைவா? உருவத்தை மட்டும் தனியாக மாற்றி, பிரிதல் மாறுகிறதா என்று பார்த்த ஆய்வாக இருந்தால் நம்பலாம். நுண்ணோக்கிப் படம் எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பேசுவது போதாது. நித்யகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் நுண்குழலைத் தாக்கிப் புற்றுச் செல்லை நிறுத்துகின்றன என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். கோல்கையைக் குறிவைத்து அதே பலனைப் பெற முடியுமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி.

பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் இதில் ஒன்றையாவது கண்ணால் காட்ட வேண்டும் என்றால் நான் காஃபீனைத்தான் சொல்வேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டாம், வழக்கமான அசிட்டோகார்மைன் ஸ்லைடே போதும். வேர் விட்ட பூண்டுப் பல்லை 0.1 சதவீதக் காஃபீன் கரைசலில் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவி மீண்டும் தண்ணீரில் வைத்து, சில மணி நேரம் கழித்து நுனியை வெட்டினால், நடுவில் சுவர் இல்லாமல் இரண்டு நியூக்ளியஸ் உள்ள செல்கள் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் செல் தட்டு கட்டிக்கொண்டிருந்த செல்கள் மட்டுமே அப்படி ஆகியிருக்கும். அதற்கு முன்போ பின்போ அந்தக் கட்டத்தைக் கடந்தவை வழக்கம்போலவே இருக்கும். இந்த அடையாளத்தை வைத்தே வேர்முனையில் ஒரு செல் சுழற்சிக்கு எவ்வளவு நேரமாகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். காபி டிகாக்‌ஷனையே ஊற்றிப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதில் வேறு பல பொருள்களும் கலந்திருப்பதால், வருகிற விளைவு காஃபீனால் வந்தது என்று சொல்ல முடியாது. தூய காஃபீன் சிறிதளவு உடலுக்குள் போனாலும் ஆபத்தானது, எனவே எடை போடுவதும் கரைப்பதும் ஆசிரியர் கையால்தான் நடக்க வேண்டும். அதே பாட்டிலில் வளர்ந்த, காஃபீன் படாத இன்னொரு பல்லின் வேரையும் அதே நேரத்தில் வெட்டிப் பக்கத்து ஸ்லைடில் வைக்க வேண்டும்.